வாசலில் நின்ற முகவுரை

அன்று சாயங்காலம் வேலை முடிந்து திரும்பிய வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்குத் தன் வீட்டு வாசலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரு அதே தெரு. பக்கத்தில் அதே அச்சகம், உள்ளே மெஷின் தடதடக்கும் அதே சத்தம். ஆனால் அவன் வீட்டுக் கதவு இருக்க வேண்டிய இடத்தில் கூரையைத் தொடும் உயரத்துக்கு ஒரு கருங்கல் நின்றுகொண்டிருந்தது. முகம் தெரிகிற அளவு இழைத்த கல். அதில் தங்க நிற எழுத்துகள்:

‘நாங்கள், இந்நாட்டு மக்கள், எங்களில் ஒவ்வொருவருக்கும் நீதியும் சுதந்திரமும் சமத்துவமும் கிடைக்கச் செய்வோம் என்று உறுதி கூறுகிறோம்.’

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. அரசியல் சாசனத்தின் முகவுரை. அவன் கருவிப் பையைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, வயிற்றை எக்கி, கல்லுக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த சந்தில் ஒருக்களித்து நுழைந்தான்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

“வந்துட்டியா? வா. இது என்னன்னு நீயாவது சொல்லு. காலையில இருந்து இதையேதான் பார்த்துட்டிருக்கேன். இந்தப் பக்கம் ஒரு எழுத்தும் இல்ல.”

“முகவுரை, அக்கா.”

“எதோட முகவுரை? என் சமாதியோடதா?”

அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு கால்கள் போய்விட்டன. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. தெருமுனையில் இருக்கும் செல்போன் கடையில் ரிப்பேர் வேலை அவளுக்கு. தண்ணீரில் விழுந்த போன், மாடியிலிருந்து விழுந்த போன், புருஷன் பெண்டாட்டி சண்டையில் பறந்த போன் எல்லாம் அவளிடம்தான் வரும். தினமும் காலையில், வாசலில் தம்பி சிமெண்டு பூசிக் கொடுத்திருந்த சரிவில் நாற்காலியை உருட்டி இறங்கினால், கடை வரைக்கும் யாருடைய கையும் தேவையில்லை. இப்போது அந்தச் சரிவின் நுனியில் கல் நின்றது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கிடங்கின் சுவர். ஒரு பக்கம் அச்சகம், மறுபக்கம் பூட்டிக் கிடக்கும் வீடு. வேறு கதவு கிடையாது.

“நீ சத்தம் போடலையா?”

“போடாம? கிரேன்ல இருந்து இறக்கும்போதே கத்தினேன். மேற்பார்வைக்கு வந்தவன், ‘அம்மா, தேசப்பணி நடக்குது, குறுக்க பேசாதீங்க’ன்னான். ‘வாசல்டா அது’ன்னேன். ‘எங்க வரைபடத்துல வாசல் இல்லையே’ன்னு அதை விரிச்சுக் காட்டினான். நிஜமாவே இல்லடா.”

கல் அங்கே வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். நாட்டு மக்களுக்கு முகவுரையின் பொருள் புரியவில்லை என்று அரசாங்கத்துக்கு ஒரு நாள் கவலை வந்தது. கவலைப்படுவதற்கென்று முகவுரை பரப்புத் துறை தொடங்கப்பட்டது. ஒவ்வொரு தெருவிலும் ஒரு கல் வைப்பதென்று துறை முடிவு செய்தது. தெருவின் ஒரு முனையில் வைத்தால் மறுமுனைக்காரர்களுக்கு அநீதி அல்லவா? அதனால் சரியாகத் தெருவின் நடுவில் வைக்க வேண்டும் என்றார்கள். டேப் வைத்து அளந்தார்கள். நடு, மெக்கானிக்கின் கதவுக்கு நேரே வந்தது. கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்று கிரேன் ஓட்டுநர் கேட்டிருக்கிறார். சமத்துவத்தில் தள்ளி வைப்பது என்ற பேச்சே இல்லை என்று பதில் வந்திருக்கிறது.

மறுநாள் திறப்பு விழா. துறையின் ஆணையர் வந்தார். மாலை போட்டது கல்லுக்கா அவருக்கா என்று தெரியாதபடி இருவருக்கும் போட்டார்கள்.

“முகவுரை என்றால் என்ன?” என்று ஆணையர் மைக்கில் கேட்டார். யாரும் பதில் சொல்லாததில் திருப்தி அடைந்து அவரே தொடர்ந்தார். “முகவுரை ஒரு வாசல்! சாசனம் என்ற மாளிகைக்குள் மக்கள் நுழைவதற்கான வாசல்! இன்று இந்தத் தெரு மக்களுக்கு நாங்கள் ஒரு வாசலைக் கொடுத்திருக்கிறோம்!”

“இருந்த வாசலை அடைச்சுட்டா?” என்று கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

கூட்டம் சிரித்தது. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்ட ஆணையர் இன்னும் அரை மணி நேரம் பேசினார்.

மெக்கானிக் மனு எழுதிக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனான். அங்கே ஒரு நடைமுறை இருந்தது. எந்த மேஜைக்குப் போனாலும் மனுதாரர் முதலில் நெஞ்சில் கை வைத்து முகவுரையை முழுதாகச் சொல்ல வேண்டும். நின்றுகொண்டு சொல்ல வேண்டும். கேட்கிறவர் உட்கார்ந்தே கேட்கலாம். மெக்கானிக் ‘சுதந்திரமும்’ வரைக்கும் வந்தபோது எழுத்தருக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு, “முதல்ல இருந்து சொல்லுங்க. நடுவுல விட்டா அவமரியாதை” என்றார். இரண்டாம் முறை ‘நீதியும்’ என்னும்போது டீ வந்தது. மூன்றாம் முறை மெக்கானிக் மூச்சு விடாமல் சொல்லி முடித்தான்.

“உணர்ச்சி இல்லாம சொல்றீங்க” என்றார் எழுத்தர் வருத்தத்தோடு. “போகட்டும். என்ன விஷயம்?”

“கல்லைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும் சார். எங்கக்கா வெளிய வர முடியல.”

எழுத்தர் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இதெல்லாம் சட்டப் பிரிவு. மாடிக்குப் போங்க. மாடியில மறுபடி சொல்லணும், தொண்டையைக் காப்பாத்தி வச்சுக்குங்க.”

மாடியில் எதிரெதிராக இரண்டு அறைகள். முகவுரை சாசனத்தின் பகுதியா இல்லையா என்று துறைக்குள் பழைய தகராறு ஒன்று இருந்ததால், இரு தரப்புக்கும் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பியூன், ஆளுக்கொரு மின்விசிறி கொடுத்திருந்தார்கள். முதல் அறை அதிகாரி முகவுரை சாசனத்தின் பகுதியே என்ற கட்சி.

“தம்பி, நீங்க கேட்கிறது சாதாரண விஷயம் இல்ல” என்றார். “முகவுரை சாசனத்தோட உயிர். அதுல கை வைக்கணும்னா சாசனத் திருத்தம் கொண்டு வரணும். நாடாளுமன்றத்துல மூணுல ரெண்டு பங்கு பேர் கை தூக்கணும்.”

“ரெண்டடி நகர்த்தினா போதும் சார்.”

“ரெண்டடித் திருத்தமும் திருத்தம்தான்.”

எதிர் அறைக்குப் போனான். அங்கே முகவுரை சாசனத்தின் பகுதி அல்ல என்ற கட்சி. அந்த அதிகாரி எதிர் அறையைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

“அவர் சொன்னதை நம்பாதீங்க. முகவுரைங்கிறது வெறும் முன்னுரை. அதுக்குச் சட்டபூர்வமான வலுவே கிடையாது. அதைக் காட்டி யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது.”

மெக்கானிக்குக்கு உயிர் வந்தது. “அப்போ எடுத்துடலாம்தானே சார்?”

“எதை எடுக்கிறது? வலு இல்லாத ஒண்ணு உங்களை எப்படித் தடுக்கும்? சட்டப்படி பார்த்தா உங்க வாசல்ல எதுவுமே இல்ல. தாராளமா போங்க, வாங்க.”

மெக்கானிக் படியில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு மெஷின்கள் புரியும். ஓடாத மெஷினுக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். பெல்ட் அறுந்திருக்கும், மோட்டார் எரிந்திருக்கும். இங்கே எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அவனைக் கலக்கியது.

பார்த்துப் பரிதாபப்பட்ட பியூன் ஒருவர் அவனை விளக்க அலுவலரிடம் அனுப்பி வைத்தார். கனிவான அம்மா. உட்காரச் சொன்னார். முகவுரையைக்கூட முழுதாகக் கேட்கவில்லை.

“முதல் வார்த்தை மட்டும் சொல்லுங்க, போதும்.”

“நாங்கள்.”

“யாரு ‘நாங்கள்’?”

“மக்கள்.”

“நீங்க மக்கள்தானே?”

மெக்கானிக் யோசித்தான். “அப்படித்தான் மேடம் நினைச்சுட்டிருக்கேன்.”

“அப்போ அந்த உறுதியைக் கொடுத்தது யாரு? நீங்க. கல்லை வைக்கச் சொல்லி அரசாங்கத்தை நியமிச்சது யாரு? நீங்க. இப்போ சொல்லுங்க, கல்லை வச்சது யாரு?”

“…நானா?”

“பார்த்தீங்களா! வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இது எட்டறதே இல்ல” என்று அவர் உண்மையிலேயே மகிழ்ந்தார். “நீங்க வச்ச கல் மேல நீங்களே புகார் கொடுத்தா எப்படி? வாதியும் பிரதிவாதியும் ஒரே ஆள்னா வழக்கு தானா முடிஞ்சுடும். சமாதானமாயிட்டீங்கன்னு எழுதிக்கட்டுமா?”

வீட்டுக்கு வந்து சந்தில் நுழைந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான். “அக்கா, அந்தக் கல்லை நான்தான் வச்சேனாம்.”

“ஏண்டா வச்ச?” என்றாள் அக்கா.

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. மடியிலிருந்த தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கடைக்காரம்மா பேசினாங்க. ரிப்பேருக்கு வந்த போன் எல்லாம் குவிஞ்சு கிடக்காம். பாவம், அவங்களும் எத்தனை நாள் சாக்கு சொல்லுவாங்க? அடுத்த வாரத்துல இருந்து வேற ஆளை உட்கார வைக்கலாமான்னு கேட்டாங்க.”

“நான் உன்னைத் தூக்கிட்டுப் போய்க் கடையில விட்டுடறேன்க்கா. சந்துல நான் ஒருக்களிச்சு…”

“என்னைத் தூக்குவ. நாற்காலி வருமா? அங்க கொண்டு போய் இறக்கி வச்சுட்டு நீ வேலைக்குப் போயிடுவ. ஒரு டம்ளர் தண்ணி எடுக்கணும்னாலும் யாரையாவது கூப்பிடணும். நான் என்ன சாமானாடா, காலையில வச்சு சாயங்காலம் எடுக்கிறதுக்கு?”

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் மனு வீணாகவில்லை. ஆய்வுக் குழு ஒன்று வந்தது. குழுத் தலைவர் சந்தில் பாதி வரை நுழைந்து சிக்கிக்கொண்டார். அவரை வெளியே இழுத்த பிறகு, குழுவிலேயே ஒல்லியானவரை உள்ளே அனுப்பினார்கள்.

“உங்க குறை என்னம்மா?” என்றார் ஒல்லி.

“வெளிய போக முடியல.”

“அது இருக்கட்டும். கல்லுல எழுதியிருக்கிறதை உங்களால வாசிக்க முடியுதா?”

“எப்படி முடியும்? எனக்கு முதுகுதானே தெரியுது.”

ஒல்லியின் முகம் மாறிவிட்டது. வெளியே நின்ற தலைவரிடம் ஓடிப்போய் என்னவோ சொன்னார். தலைவர் தெருவில் நின்றபடியே குரல் நடுங்கக் கத்தினார். “அம்மா, எங்களை மன்னிக்கணும்! முகவுரை மறுக்கப்பட்ட ஒரு குடும்பம் இந்த நாட்டுல இருக்குன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு! உடனே நடவடிக்கை எடுக்கிறோம்!”

உடனே எடுத்தார்கள். மறுநாளே ஒரு கல் தச்சர் உளியோடு வந்து சந்துக்குள் உட்கார்ந்தார். கல்லின் பின்பக்கமும் முகவுரை ஏறத் தொடங்கியது. அவர் அங்கே இருக்கும் வரைக்கும் மெக்கானிக்காலும் வெளியே போக முடியவில்லை. வீடெல்லாம் கல்தூள். சோற்றில் நறநறத்தது. அக்கா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ‘நாங்கள், இந்நாட்டு மக்கள், எங்களில் ஒவ்வொருவருக்கும் நீதியும் சுதந்திரமும் சமத்துவமும்’ என்பதோடு தச்சர் உளியை உதறிப் பையில் போட்டார்.

“என்னண்ணே, பாதியில நிறுத்திட்டீங்க?”

“கீழ உங்க சரிவு இருக்கேம்மா. உளி இடிக்குது. இதுக்கு மேல இறங்காது.”

“அப்போ சமத்துவமும்… என்ன ஆச்சு? கிடைக்குமா, கிடைக்காதா? என்ன செய்யறாங்கன்னே சொல்லலையே!”

தச்சர் எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “நியாயம்தான். ஆனா எனக்குத் தெரியாதும்மா. ஆபீஸ்ல கேட்டேன், மீதியை அடுத்த தெருக் கல்லுல போட்டுக்கலாம்னுட்டாங்க.”

குறை தீர்க்கப்பட்டதாகத் துறையிலிருந்து கடிதம் வந்தது. அதைப் படித்து முடித்ததும் மெக்கானிக் கருவிப் பையைக் கொட்டிச் சம்மட்டியை எடுத்தான். அவன் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை. நேரே கல்லைப் பார்த்து நடந்தான்.

“டேய், நில்லு!” அக்கா நாற்காலியைக் குறுக்கே விட்டாள். “அதை அடிச்சா உன்னை உள்ள போடுவாங்க. அப்புறம் ஆளுக்கொரு இடத்துல அடைஞ்சு கிடப்போம். சுவரை அடி. சுவர் நம்மது.”

“அந்தப் பக்கம் அச்சகம்க்கா. வழி விடுவீங்களான்னு நேத்தே கேட்டுட்டேன். ‘நான் மக்கள்ல இல்லப்பா, நான் டெண்டர்ல இருக்கேன்’னுட்டார்.”

அது உண்மைதான். துறையின் அழைப்பிதழ், சுற்றறிக்கை எல்லாம் அச்சகக்காரரிடம்தான் அச்சாகிக்கொண்டிருந்தன. அதனால் கல் வந்த நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் பார்க்காமலே நடக்கப் பழகியிருந்தார்.

“கேட்டுட்ட இல்ல? இப்போ அடி” என்றாள் அக்கா.

அடித்தான். காரை உதிர்ந்தது. மூன்றாவது அடியில் செங்கல் ஒன்று அந்தப் பக்கம் போய் விழுந்தது. மெஷின் சத்தம் நின்றது. “எவன்டா அது?” என்று கத்திக்கொண்டு ஓடிவந்த அச்சகக்காரர் ஓட்டை வழியாகப் பார்த்தார். அந்தப் பக்கம், தலைமுடியெல்லாம் கல்தூளில் வெளுத்துப்போய் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அப்புறம் அவர் குரல் வந்தது. “இந்த ஓரமா அடிப்பா. அந்தப் பக்கம் பேப்பர் கட்டு இருக்கு.” பிறகு, அவரும் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து, “யாராவது கேட்டா தானா விழுந்துச்சுன்னு சொல்லிக்கலாம்” என்றார்.

மறுநாள் காலை அக்கா அச்சு மெஷினுக்கும் பேப்பர் கட்டுக்கும் நடுவில் நாற்காலியை உருட்டிக்கொண்டு அச்சகத்து வாசல் வழியாகத் தெருவுக்கு வந்தாள். கடைக்குப் போனாள். அவள் நாற்காலிக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தில் கடைக்காரம்மா அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தாள். பார்த்ததும் பதறிப்போய் அவற்றைத் தானே தூக்கி நகர்த்தினாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் துறைக்கு நல்லது. ஆனால் அவள் வெளியே வந்துவிட்ட செய்தி ஆணையருக்கு எட்டியது. முகவுரைக் கல்லால் ஊக்கம் பெற்று வீட்டை விட்டு வெளியேறிய முதல் குடிமகள் என்று அவளுக்கு விருது அறிவித்துவிட்டார்கள். அழைப்பிதழை அச்சகக்காரரே கொண்டுவந்து கொடுத்தார். “நான்தான் அச்சடிச்சேன்” என்றார் தரையைப் பார்த்து. “எழுத்துப் பிழை இல்லாமப் பார்த்துக்கிட்டேன். விஷயம் பிழைன்னா நான் என்ன பண்றது?”

“போக வேண்டாம்க்கா” என்றான் மெக்கானிக்.

“போகணும். மைக் குடுப்பாங்க இல்ல?”

மைதானத்தில் பெரிய மேடை போட்டிருந்தார்கள். ஏறுவதற்கு ஒரே ஒரு படிக்கட்டு, முன்பக்கம், குறுகலாக. விழா ஏற்பாட்டாளர் அக்காவின் நாற்காலியைப் பார்த்ததும் வியர்த்துப் போனார்.

“நாலு பேர் தூக்கி மேல வச்சுடுவாங்கம்மா.”

“தூக்க வேண்டாம். விருதை இங்க கொண்டு வந்து கொடுங்க. மைக்கையும் கொடுங்க, ஒரு வார்த்தை பேசணும்.”

“வயர் எட்டாதும்மா. விருதும் மேடைக்குக் கீழ வரக்கூடாது, அதோட மதிப்பு இறங்கிடும்.”

ஆணையரிடம் ஓடினார்கள். ஆணையருக்கு வழி உடனே தோன்றியது. “முகவுரை என்ன சொல்கிறது? நாங்கள், மக்கள்! நானும் மக்களில் ஒருவன் அல்லவா?” என்று முழங்கினார். மக்கள் சார்பில் விருதை அவரே வழங்கி, மக்கள் சார்பில் அவரே பெற்றுக்கொண்டார். அதன்பின் சமத்துவம் பற்றிப் பேசினார். மேடை மீதிருந்து பார்க்கும்போது கீழே இருப்பவர்கள் எல்லோரும் தனக்குச் சமமாகவே தெரிகிறார்கள் என்றார்.

பேசி முடித்துச் சால்வைகளை அள்ளிக்கொண்டு அவர் இறங்க வந்தபோது, படிக்கட்டின் அடியில் அக்கா இருந்தாள். நாற்காலியை அடிப்படியோடு ஒட்டி நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டிருந்தாள்.

“அம்மா, கொஞ்சம் நகர்ந்துக்குங்க. இறங்கணும்.”

“வேற பக்கமாப் போங்க சார்.”

“வேற பக்கம் ஏது? இருக்கிறது இந்த ஒரு படிதானே!”

“எங்க வீட்டுலயும் ஒரே வாசல்தான் சார் இருந்துச்சு.”

ஆணையருக்குப் பின்னால் இரண்டு சட்ட அதிகாரிகளும் விளக்க அலுவலரும் குழுத் தலைவரும் ஒல்லியும் வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஏற்பாட்டாளர் கைகளைப் பிசைந்துகொண்டு மெக்கானிக்கிடம் வந்தார். “தம்பி, நீங்களாவது சொல்லுங்க. அவருக்குச் சர்க்கரை. நேரத்துக்குச் சாப்பிடணும்.”

மெக்கானிக் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். “எங்கக்காவும் நேரத்துக்கு வேலைக்குப் போகணும்னுதான் சார் நானும் சொன்னேன். எல்லா மேஜையிலயும் சொன்னேன்.” கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவமானமா கோபமா என்று அவனுக்கே தெரியவில்லை.

“நாற்காலியோட அப்படியே ஓரமாத் தூக்கி வச்சுடலாமா சார்?” என்று ஒரு காவலர் மேலே பார்த்துக் கேட்டார். கூட்டம் முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்த ஆணையர் வேண்டாம் என்று கை காட்டினார்.

கடைசியில் மேடையின் பின்பக்கம் ஒரு மேஜை போட்டு, அதன்மேல் ஒரு நாற்காலி போட்டு, ஆணையரை இரண்டு பியூன்கள் அக்குளில் கை கொடுத்து இறக்கினார்கள். பாதி வழியில் அவர் வேட்டித் துணிபோலத் தொங்கினார். ஒரு செருப்பு கழன்று புல்லில் விழுந்தது. “மெதுவா, மெதுவா! நான் என்ன மூட்டையா?” என்று அவர் கத்தியது மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்டது. அடுத்தடுத்து அதிகாரிகளும் அப்படியே இறங்கினார்கள். குழுத் தலைவருக்கு மட்டும் இரண்டு மேஜை தேவைப்பட்டது.

எல்லோரும் போன பிறகு அக்கா பிரேக்கை எடுத்தாள். “வாடா, கடையில வேலையைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன்.”

மறுநாள் அவள் அச்சகம் வழியாக வரும்போது மெஷினிலிருந்து சுற்றறிக்கை விழுந்துகொண்டிருந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஒரே வழியை மட்டும் நம்பியிருப்பது மனிதனின் சுதந்திரத்துக்கும் கண்ணியத்துக்கும் முரணானது என்பதைத் துறை ஆழ்ந்த வேதனையோடு உணர்ந்திருப்பதாகவும், முகவுரையின் உண்மையான நோக்கத்தைக் கருத்தில் கொண்டு, இனி துறை அமைக்கும் எல்லா மேடைகளுக்கும் பின்பக்கம் இன்னொரு படிக்கட்டு கட்டாயம் என்றும் அதில் இருந்தது. உத்தரவு அன்றே அமலுக்கு வந்தது.

“மை காயலம்மா, கையில ஒட்டும்” என்றார் அச்சகக்காரர்.

அக்கா அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, விரல்களை நாற்காலியின் துணியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.